சாவி நம் வீட்டிலேயே இருக்கட்டும்

(பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரை)

 

பரிசு கொடுக்கும் நாளில் கடனைப் பற்றிப் பேச வந்துவிட்டாரே வாத்தியார் என்று யாரும் முகம் சுளிக்க வேண்டாம். இன்று மேடையேறும் ஆறாம் ஆண்டுப் பிள்ளை இன்னும் ஐந்தாறு ஆண்டுகளில் எஸ்.பி.எம். எழுதி முடித்துவிடும். அப்போது ஓடி அலைவதைவிட இப்போதே பேசிவிடுவது நல்லது.

தொடக்கப் பள்ளியில் வரும் 150 ரிங்கிட் உதவித்தொகையைப் பள்ளியே பார்த்துக்கொள்கிறது. நீங்கள் வந்து ஒரு கையெழுத்துப் போட்டால் போதும். ஆனால் பல்கலைக்கழகம் போகும் பிள்ளைக்கு அப்படியில்லை. தேசிய உயர்கல்வி நிதிக் கழகம், அதாவது பிடிபிடிஎன், 1997ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. அதன் கல்விக் கடனுக்கு இணையம் வழியாகப் பிள்ளையே மனுச் செய்ய வேண்டும். பக்கத்தில் நின்று எடுத்துக் கொடுக்க வாத்தியார் இருக்கமாட்டார்.

எங்கள் வீட்டில் நடந்ததையே சொல்கிறேன். என் தங்கைக்குப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தபோது வீட்டில் கணினி இல்லை. டவுனில் ஒரு கணினிக் கடைக்குப் போனோம். கடைக்காரர் மளமளவென்று எல்லாவற்றையும் தட்டிக் கொடுத்தார். மின்னஞ்சல் அவருடையது, கடவுச்சொல்லும் அவர் போட்டது. காசைக் கொடுத்துவிட்டு நிம்மதியாக வீடு திரும்பினோம். அப்பாவின் வருமானத் தாள் சரியில்லை, மறுபடி அனுப்புங்கள் என்று தகவல் வந்தது. வந்தது எங்களுக்கு இல்லை, கடைக்காரரின் மின்னஞ்சலுக்கு! நாள் கடந்துபோயிற்று. முதல் தவணைக்குக் கடன் கிடைக்கவில்லை. அம்மாவின் சங்கிலி அடகுக் கடைக்குப் போயிற்று. கடைக்காரரை நான் குறை சொல்ல மாட்டேன். ஆசிரியர் பயிற்சியில் இருந்த நானே பக்கத்தில் நின்று வேடிக்கைதானே பார்த்தேன்!

அந்தக் காலத்தில் நம் தாத்தாமார் கிராணி காட்டிய இடத்தில் கட்டைவிரல் ரேகை வைத்தார்கள். எதற்கு வைக்கிறோம் என்று தெரியாது. நாம் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள். இருந்தும் நம் கடவுச்சொல்லை இன்னொருவர் கையில் கொடுத்தால், அதுவும் கண்ணை மூடிக்கொண்டு வைக்கும் ரேகைதான்.

ஆகவே பெற்றோர்களே, இன்று வீட்டுக்குப் போனதும் ஒரு ஃபைல் எடுங்கள். பிள்ளையின் பிறப்புப் பத்திரம், எல்லாருடைய அடையாளக் கார்டு நகல், சம்பளத் தாள், எஸ்.டி.ஆர். உதவி பெறுபவர்கள் அதன் விவரம் எல்லாவற்றையும் ஒன்றாக வையுங்கள். தந்தை இல்லாத வீடாக இருந்தால் மரணப் பத்திரமும் இருக்கட்டும். பெயரின் எழுத்து எல்லாத் தாளிலும் ஒன்றுபோல இருக்கிறதா என்று பாருங்கள். பிள்ளையின் சொந்தப் பெயரில் வங்கிக் கணக்கு வேண்டும். பிடிபிடிஎன் கடனுக்கு எஸ்.எஸ்.பி.என். சேமிப்புக் கணக்கும் வேண்டும். அதைக் கடைசி நேரத்தில் திறப்பதைவிட இப்போதே திறந்து, மாதம் பத்து வெள்ளியாவது போட்டு வாருங்கள்.

மனுச் செய்யும் நாளில் மின்னஞ்சலும் தொலைபேசி எண்ணும் பிள்ளையுடையதாக இருக்க வேண்டும். கடவுச்சொல்லை வீட்டு நோட்டில் எழுதிப் பத்திரப்படுத்துங்கள். கடைசி இரவு வரை காத்திருக்காதீர்கள். நம் தோட்டத்தில் லைன் எப்போது வரும், எப்போது போகும் என்று யாருக்குத் தெரியும்? அனுப்பிவிட்டோம் என்று சும்மா இருக்கவும் கூடாது. வாரம் ஒரு முறை திறந்து நிலையைப் பார்க்க வேண்டும். தெரியாவிட்டால் யாரிடமும் உதவி கேட்கலாம், அதில் வெட்கமில்லை. ஆனால் தட்டுவது நம் பிள்ளையின் விரலாக இருக்கட்டும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இது இலவசப் பணமில்லை. ஆண்டுக்கு 1 விழுக்காடு நிர்வாகக் கட்டணத்தோடு திருப்பிக் கட்ட வேண்டிய கடன். இளங்கலைப் பட்டத்தில் முதல் வகுப்பில் தேறுவோருக்கு, நிபந்தனைகளுக்கு உட்பட்டு, கடனைக் கட்டுவதிலிருந்து விலக்கு உண்டு. மற்றவர்கள் கட்டித்தான் ஆக வேண்டும். நாம் கட்டினால்தான் பின்னால் வரும் பிள்ளைக்குக் கிடைக்கும். என் தங்கை அடுத்த தவணைக்குத் தன் கையாலேயே மனுச் செய்தாள், கடன் கிடைத்தது, படித்து முடித்தாள். இன்று வேலை செய்துகொண்டு மாதந்தோறும் கட்டி வருகிறாள். அம்மாவின் சங்கிலியையும் அவளே மீட்டுக் கொடுத்தாள்.

மாணவச் செல்வங்களே, இன்று உங்கள் கையில் கோப்பை வரும். அதைக் கண்ணாடி அலமாரியில் வைப்பீர்கள். பக்கத்திலேயே அந்த ஃபைலையும் வைக்கச் சொல்லி அப்பா அம்மாவிடம் கேளுங்கள். ஒரு நாள் கோப்பையைவிட அதுதான் உங்களைத் தூக்கிவிடும்.