எம்.பி.ஏ. சேரும் முன்னே
(அறக்கட்டளையின் கல்வி வழிகாட்டிக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



கடைசி செமஸ்டர் பரீட்சை முடிந்த பிறகுதான் பெற்றோர் பலர் எங்கள் கல்விக் குழுவைத் தேடி வருகிறார்கள். "பையனை எம்.பி.ஏ.வுக்கு எந்தக் காலேஜில் சேர்க்கலாம்?" என்று கேட்கிறார்கள். அந்த நேரத்தில் நாங்கள் சொல்லக்கூடியது மிகக் குறைவு. ஐ.ஐ.எம்.களுக்கான கேட் தேர்வு முந்தைய நவம்பரிலேயே முடிந்திருக்கும். அண்ணா பல்கலைக்கழகம் நடத்தும் டான்செட் பெரும்பாலும் மார்ச்சில் முடிந்துவிடும். மிச்சம் இருப்பது நிர்வாக ஒதுக்கீட்டு இடம்தான். அதற்காக உம்மாவின் நகை அடகுக் கடைக்குப் போகிறது.

ஆகவே டிகிரி இரண்டாம் ஆண்டிலேயே வாருங்கள். பி.காம்., பி.பி.ஏ. படித்தவர்தான் எழுதலாம் என்றில்லை. எந்தப் பட்டமானாலும் 50 சதவீத மதிப்பெண் இருந்தால் கேட் எழுதலாம், பி.ஏ. அரபி படித்த பிள்ளையும் எழுதலாம். தேர்வு இரண்டு மணி நேரம். ஆங்கிலப் பத்திகளைப் படித்துப் புரிந்துகொள்வது, அட்டவணைகளை வைத்து யோசிப்பது, கணக்கு என மூன்று பகுதிகள். கணக்கு பெரும்பாலும் பள்ளிக்கூடப் பாடம்தான், ஆனால் வேகம் வேண்டும். ஆங்கிலமோ ஒரு மாதக் கோச்சிங்கில் வராது. தினமும் அரை மணி நேரம் ஆங்கிலப் பத்திரிகையின் தலையங்கத்தை வாசித்தால் ஒன்றரை வருடத்தில் வரும். இதற்குச் செலவு எதுவும் இல்லை.

சான்றிதழ் விஷயம் ஒன்று. தமிழ்நாட்டில் 2007 முதல் நமக்கு 3.5 சதவீத உள் ஒதுக்கீடு இருக்கிறது. 2011-இல் தொடங்கிய திருச்சி ஐ.ஐ.எம். போன்ற மத்திய அரசு நிறுவனங்களில் அந்தச் சான்றிதழ் செல்லாது. அங்கே மத்திய அரசுப் படிவத்தில், கிரீமிலேயரில் வராதவர் என்ற ஓ.பி.சி. சான்றிதழ் கேட்பார்கள். மாநிலப் பட்டியலில் உள்ள நம் பிரிவுகள் எல்லாமே மத்தியப் பட்டியலிலும் இருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். உங்கள் பிரிவு இருக்கிறதா என்று பார்த்து, முன்கூட்டியே தாலுகா ஆபீசில் மனு கொடுங்கள்.

சேர்ந்த பிறகு நம் பிள்ளைகள் அதிகம் வீணாக்குவது கோடைப் பயிற்சியைத்தான். முதலாம் ஆண்டு முடிந்ததும் சுமார் இரண்டு மாதம் ஒரு நிறுவனத்தில் வேலை பழக வேண்டும். தெரிந்த மாமாவின் கம்பெனியில் லெட்டர் வாங்கிக்கொண்டு, பிராஜெக்டை ஜெராக்ஸ் கடையில் தயார் செய்துவிட்டு ஊர் சுற்றுகிறவர்கள் உண்டு. பிறகு வேலைக்கான நேர்காணலில், "அங்கே என்ன செய்தாய்?" என்று கேட்டால் வாய் திறக்க முடிவதில்லை. ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியின் கட்டிங் பிரிவில் ஆறு வாரம் உட்கார்ந்து, ஒரு ஜோடிக்கு எவ்வளவு தோல் செலவாகிறது, எவ்வளவு துண்டு வீணாகிறது என்று தினமும் குறித்து வந்த ஒரு பெண்ணை எங்களுக்குத் தெரியும். நேர்காணலில் அந்தக் குறிப்பைப் பற்றியே அவளிடம் இருபது நிமிடம் கேட்டார்களாம். வேலையும் கிடைத்தது. மாமா லெட்டர் கொடுப்பது தப்பில்லை. லெட்டரோடு வேலையும் கொடுக்கட்டும்.

கடை வைத்திருக்கும் வாப்பாமார்களுக்கு ஒரு வார்த்தை. மகனைக் கல்லாவில் உட்கார வைக்கிறீர்கள், கணக்குப் புத்தகத்தை மட்டும் காட்டுவதில்லை. எந்தச் சரக்கு மூன்று மாதமாகத் தேங்கிக் கிடக்கிறது, யாரிடம் பாக்கி நிற்கிறது, ஜி.எஸ்.டி. எப்படிக் கட்டுகிறோம் என்று அவனோடு உட்கார்ந்து பேசுங்கள். மகளோடும் பேசுங்கள். வகுப்பில் நடப்பு மூலதனம் என்று சொல்லும்போது, அது நம் கடையில் தேங்கிய சரக்கும் வராத பாக்கியும்தான் என்று அவர்களுக்குச் சட்டென்று விளங்கும்.

பணம் பற்றி. வட்டிக்கு அஞ்சி வங்கிக் கல்விக் கடனை வேண்டாம் என்கிற குடும்பங்கள் நம்மில் அதிகம். அந்தப் பேணுதலை மதிக்கிறோம். அறக்கட்டளையின் வட்டியில்லாக் கடன் அரசுக் கல்லூரி, பல்கலைக்கழகத் துறைகளின் கட்டணத்திற்குக் கைகொடுக்கும். நிர்வாக ஒதுக்கீட்டுத் தொகைக்குக் கொடுப்பதற்கில்லை. டான்செட்டில் நல்ல மதிப்பெண் எடுப்பதே குடும்பத்தின் பணத்தை மிச்சப்படுத்தும் என்று நாங்கள் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான்.

இரண்டாம் ஆண்டு மாணவர்கள் இந்த ஞாயிறு அஸர் தொழுகைக்குப் பின் மதிப்பெண் பட்டியலோடு அலுவலகத்திற்கு வாருங்கள். பெண் பிள்ளைகளுக்குத் தனி இருக்கை வசதி இருக்கிறது; உம்மாவையும் அழைத்து வரலாம். வஸ்ஸலாம்.