இலையுதிர்காலத்தில் ஒரு பகல்

இங்கிலாந்திற் கல்வி பயின்ற காலத்தில், ஒக்டோபர் மாதக் கடைசி ஞாயிறொன்றில், ஒக்ஸ்போர்டிலிருந்து ஏறக்குறைய 20 மைல் மேற்கேயுள்ள பேர்போர்ட் என்னும் சிற்றூருக்குத் துவிச்சக்கரவண்டியிற் சென்றேன். பகல் குறுகக் குறுக இலைகளின் பச்சையம் சிதைந்து, மறைந்திருந்த மஞ்சள் வெளிப்படுகின்றது. வழியோர பீச் மரங்கள் பொன்னாய் நின்றன.

அந்நாளில் அந்நாட்டுக் கடிகாரங்கள் ஒரு மணி பின்தள்ளப்படும். அதனால் மாலை முந்திவரும் என்பதை எண்ணினேனில்லை. ஐந்து மணிக்கு முன்னரே கதிரவன் மறைந்தான். திரும்பும் வழியில், விட்னிக்கு அப்பால் இருள் சூழ்ந்தது; என்னிடம் விளக்கில்லை.

வண்டியை உருட்டி நடந்த என்னைக் கண்ட முதியவர் ஒருவர், தம் வண்டியின் விளக்குகளைக் கழற்றித் தந்தார். “அடுத்த ஞாயிறு கொண்டுவாருங்கள்” என்றார், பெயரும் கேட்டாரில்லை. மறு ஞாயிறு ஒப்படைத்தேன்.

அன்று கண்ட பொன்னிறங்களுள் இன்றும் மங்காதிருப்பது அவ்விளக்கொளியே.