மகனிடம் கேட்டோமா?



உயிர்ப்புக் காலத்தில் அத்திப்பட்டில் வீடுகளை மந்திரிக்கச் சென்றிருந்தோம். ஒரு வீட்டில் 22 வயது மகன். பிறவியிலேயே அறிவுசார் குறைபாடு உடையவர். தந்தை அனல்மின் நிலையத்தில் ஒப்பந்தத் தொழிலாளி. “ஏம்மா, தம்பி நற்கருணை வாங்குவாரா?” என்று தாயிடம் கேட்டோம். தாய் வாய் திறப்பதற்குள், மகன் எழுந்து வந்து, வலக்கையின்மேல் இடக்கையை வைத்து நம்முன் நீட்டினார். நாம்தான் ஆள் மாற்றிக் கேட்டுவிட்டோம்.

யோவான் நற்செய்தி 9ஆம் அதிகாரத்தில் பிறவிப் பார்வையற்றவர் ஒருவரைச் சந்திக்கிறோம். இது யார் செய்த பாவம் என்று சீடர்கள் கேட்டார்கள். அவரும் அல்ல, பெற்றோரும் அல்ல என்றார் ஆண்டவர். பின்னர் பரிசேயர் பெற்றோரை விசாரித்தபோது, மகன் வயதுவந்தவன், அவனிடமே கேட்கலாம் என்றார்கள். அச்சத்தில் சொன்னார்கள், ஆனாலும் சரியாகவே சொன்னார்கள்.

புறப்படும்போது அந்தத் தாய், “எங்களுக்குப் பிறகு இவனுக்கு யாரு ஃபாதர்?” என்று கண்கலங்கினார். நம் பங்கில் இன்னும் எத்தனை வீடுகளில் இந்தக் கேள்வி தூங்கவிடாமல் செய்கிறதோ!

பிள்ளைக்கு 18 வயது நிறைந்துவிட்டால், பெற்றோர் என்பதாலேயே நாம் சட்டப்படி பாதுகாவலர் ஆவதில்லை. வங்கியிலோ பத்திரப் பதிவிலோ கையெழுத்துக் கேட்கும்போதுதான் பலருக்கு இது தெரியவருகிறது. இதற்காகவே 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டம் இருக்கிறது. ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உடையோருக்கு, மாவட்ட ஆட்சியர் தலைமையிலான குழு பாதுகாவலரை நியமிக்கும். அந்தக் குழுவில் ஒரு மாற்றுத்திறனாளியும் இடம்பெற வேண்டும். நியமிக்கப்பட்டவர் 6 மாதத்திற்குள் சொத்து விவரம் தர வேண்டும். ஆண்டுதோறும் கணக்குக் காட்ட வேண்டும். தவறினால் நீக்கவும் சட்டத்தில் இடமுண்டு. ஆம், பாதுகாவலர் உரிமையாளர் அல்லர். கணக்குக் கொடுக்க வேண்டிய பொறுப்பாளர்.

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இன்னும் ஒருபடி மேலே செல்கிறது. அது சொல்லும் வரையறுக்கப்பட்ட பாதுகாவல் என்பது குறிப்பிட்ட முடிவுக்கு, குறிப்பிட்ட காலத்துக்கு மட்டுமே. அதுவும் அவருடைய விருப்பப்படி, அவரோடு சேர்ந்து முடிவெடுப்பது.

2009இல் உச்ச நீதிமன்றத்திற்கு ஒரு வழக்கு வந்தது. சண்டிகரில் அரசு இல்லத்தில் இருந்த, அறிவுசார் குறைபாடுடைய ஆதரவற்ற பெண் கருவுற்றிருந்தார். கருவைக் கலைக்க உயர் நீதிமன்றம் ஆணையிட்டிருந்தது. அவரோ குழந்தை வேண்டும் என்றார். அவருடைய சம்மதமின்றிக் கலைக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. யாருமற்ற ஒரு பெண்ணின் சொல்லால் ஓர் உயிர் காக்கப்பட்டது.

அன்பானவர்களே, இத்தகைய பிள்ளைகள் உள்ள பெற்றோர் தள்ளிப்போடாமல் திருவள்ளூர் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தை அணுகுங்கள். தனியாகப் போகத் தயங்கினால், அன்பியத்தார் ஒருவர் துணைக்குச் செல்லட்டும். ஆனால் காகிதம் கைக்கு வருமுன்பே வீட்டில் ஒன்றைத் தொடங்கலாம். எந்தச் சட்டை வேண்டும், யாரோடு இருக்கப் பிடிக்கும் என்று பிள்ளையிடமே கேளுங்கள். வார்த்தை வராவிட்டால் கையைப் பாருங்கள், கண்ணைப் பாருங்கள். பொறுத்திருந்தால் பதில் வரும்.

நீட்டப்பட்ட அந்தக் கைகளைக் காணும் கண்களை ஆண்டவர் நமக்கும் தருவாராக. ஆமென்.