சாவி யார் கையில்?

(பழைய மாணவியர் சங்க நூற்றாண்டு ஒன்றுகூடலில் நிகழ்த்திய உரை)



வைத்தியராக இருக்கும் பழைய மாணவியைப் பேச அழைத்தால் நீரிழிவைப் பற்றியோ இரத்த அழுத்தத்தைப் பற்றியோ பேசுவாள் என்று நினைத்திருப்பீர்கள். மன்னிக்க வேண்டும். நான் இன்று கார்ப் பந்தயத்தில் ஓடிய ஒரு பெண்ணைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். அதற்குக் காரணம் உண்டு.

என் அப்பா பசறைப் பக்கத்துத் தோட்டமொன்றில் கொழுந்து லொறி டிரைவர். பாடசாலை விடுமுறையில் நான் லொறியின் முன் சீட்டில் ஏறி உட்கார்ந்து கொள்வேன். எந்த வளைவில் எந்தக் கியர் என்பது எனக்கு மனப்பாடம். பன்னிரண்டு வயதில் ஒரு நாள் கேட்டேன்: “அப்பா, எனக்கும் ஓட்டப் பழக்குங்களேன்.” அப்பா சிரித்தார். “பொம்பளப் புள்ளைக்கு எதுக்கும்மா இதெல்லாம்? நீ படி.” அதே ஆண்டு, பதினைந்து வயது அண்ணன் ஸ்டோர் வாசலில் லொறியை முன்னும் பின்னும் எடுத்துப் பழகிக்கொண்டிருந்தான். அப்பா மேல் எனக்குக் குறையில்லை. அவர் படி என்றார், நான் படித்தேன். இந்தப் பாடசாலை என்னை மருத்துவ பீடம் வரை கொண்டுபோய் விட்டது. ஆனால் அப்பாவின் பதிலில் பாதிதான் சரி என்று தெரிந்துகொள்ள எனக்கு இருபது வருடம் பிடித்தது.

சில வருடங்களுக்குப் பின்னர், கடலுக்கு அந்தப் பக்கம் சென்னையில், இன்னொரு அப்பா வேறு பதில் சொன்னார். அவர் ஆர்.ஏ. அப்துல்லா. மோட்டார் சைக்கிள் பந்தயத்தில் ஏழு முறை இந்தியத் தேசிய சாம்பியன். 1989இல் பிறந்த அவர் மகள் அலிஷா அப்துல்லா. மகளுக்குப் பந்தயத்தில் ஆசை வந்தபோது அவர் சிரிக்கவில்லை. கார்ட் என்னும் சிறிய பந்தய வண்டியில் அவளை உட்கார வைத்தார்.

பதின்மூன்றாவது வயதில் அலிஷா எம்.ஆர்.எஃப். தேசியக் கார்ட் பந்தயத்தில் சாம்பியனானார். பிறகு ஃபார்முலா கார்கள். 2004இல் ஜே.கே. டயர் தேசியப் போட்டியில் ஐந்தாவது இடம். அப்போது அவருக்கு வயது பதினைந்து. சுற்றி ஓடியவர்கள் ஏறக்குறைய எல்லோரும் ஆண்கள். அப்பாவைப் போல் சூப்பர் பைக் பந்தயத்திலும் இறங்கினார். பின்னர் கார்களுக்குத் திரும்பினார். 2014இல் வந்த ‘இரும்பு குதிரை’ படத்தைப் பார்த்தவர்களுக்கு அவர் முகம் நினைவிருக்கலாம். இந்தியாவின் முதல் பெண் தேசியப் பந்தய சாம்பியன் என்று 2018 ஜனவரியில் இந்திய ஜனாதிபதி அவரைக் கௌரவித்தார். இவற்றையெல்லாம் விட எனக்குப் பெரிதாகப் படுவது வேறொன்று. பெண்களுக்குப் பந்தயம் பழக்க அவர் ஒரு பயிற்சிக்கூடம் தொடங்கினார். தனக்குக் கிடைத்த சாவியை அடுத்தவளுக்குக் கொடுத்தார்.

அவருக்குத் திறமை இருந்தது, உண்மை. ஆனால் திறமைக்கு முன்னால் அவருக்குக் கிடைத்தவற்றை எண்ணிப் பாருங்கள். பந்தயம் தெரிந்த அப்பா. சென்னைக்குப் பக்கத்தில் இருங்காட்டுக்கோட்டையில் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அமைத்த பந்தயத் தடம். வண்டி, டயர், மெக்கானிக், செலவுக்குப் பணம். இதில் ஒன்று குறைந்திருந்தாலும் அவரை நமக்குத் தெரிந்திருக்காது.

எல்லோருக்கும் அப்படி ஓர் அப்பா வாய்ப்பதில்லை. ஜப்பானின் கெய்கோ இஹாரா 1973இல் பிறந்தவர். பந்தயத் திடலுக்கு அவர் முதலில் போனது ஓட்டுவதற்கல்ல. ஓட்டுநர்களுக்குப் பக்கத்தில் குடை பிடித்து நிற்கும் அழகிகளில் ஒருத்தியாகப் போனார். நின்ற இடத்திலிருந்து அவர் பார்த்தது காரை. இருபத்தைந்து வயதைத் தாண்டிய பிறகு, 1999இல், பந்தயம் ஓடத் தொடங்கினார். இங்கிலாந்து போய் ஃபார்முலா 3 ஓடினார். 2012இல் பிரான்சில், இரவு பகலாக 24 மணி நேரம் நடக்கும் லு மான் பந்தயத்தில் ஓடினார். 2018இல் நிஸான் நிறுவனத்தின் பணிப்பாளர் சபையில் அமர்ந்தார். குடை பிடித்து நின்றவர் கார் செய்யும் கம்பனியின் மேசைக்கே போய்ச் சேர்ந்தார்.

இன்னொருவர் இத்தாலியின் லெல்லா லொம்பார்டி. இறைச்சிக் கடைக்காரரின் மகள். கடைச் சாமான் கொண்டுபோகும் வேனில் கை பழகியவர். 1975இல் ஸ்பெயினில் நடந்த ஃபார்முலா 1 பந்தயத்தில் ஆறாவதாக வந்து அரைப் புள்ளி பெற்றார். அந்த உலகப் போட்டியில் புள்ளி பெற்ற ஒரே பெண் இன்றுவரை அவர்தான். வேன் ஓட்டிய கை என்று கேட்டதும் எனக்குக் கொழுந்து லொறியின் முன் சீட்டு நினைவுக்கு வந்தது.

கார்ப் பந்தயம் மலைநாட்டுக்குப் புதிதல்ல. நுவரெலியாவில் மஹகஸ்தொட்ட மலையேற்றப் பந்தயம் 1934இல் தொடங்கியது. நமது ஊவாவிலேயே தியத்தலாவையில் பொக்ஸ் ஹில் இருக்கிறது. தோட்டத்து ரோடுகளை வெட்டிக் கல் பரப்பியவர்கள் நம் பாட்டன் பாட்டிமார். அவற்றில் கார் ஓட்டியவர்கள் வேறு யாரோ.

பொக்ஸ் ஹில் என்றதும் உங்களில் பலருடைய முகம் மாறுவதைப் பார்க்கிறேன். 2024 ஏப்ரல் 21ஆம் திகதி அங்கே தடத்தை விட்டு விலகிய கார் மோதி ஏழு பேர் இறந்தார்கள். அவர்களில் ஒரு சின்னப் பிள்ளையும் இருந்தாள். அதை மறந்துவிட்டு நான் இங்கே வேகத்தைப் புகழ முடியாது. உங்கள் மகள்மாரைப் பந்தயத்துக்கு அனுப்புங்கள் என்று சொல்லவும் நான் வரவில்லை. ஆனால் முறையாகப் பழகிய பந்தய ஓட்டுநர் முதலில் கற்பது பிரேக் போடும் இடத்தை. தலைக்கவசம் இல்லாமல், பெல்ட் மாட்டாமல் அவர் வண்டியை எடுக்க மாட்டார். கொடி காட்டினால் நிறுத்துவார். எங்கள் விபத்துப் பிரிவுக்கு வரும் பையன்கள் பந்தயம் பழகியவர்கள் அல்லர். பழகாமல் ரோட்டில் பந்தயம் விட்டவர்கள்.

பெண்ணின் உடம்பு தாங்குமா என்று கேட்பவர்களுக்கு வைத்தியராக ஒரு பதில். பந்தயக் காருக்குள் கடும் வெக்கை. இதயம் நிமிடத்துக்கு 150 தடவைக்கு மேல் அடிக்கும். கழுத்தும் கையும் கெஞ்சும். மேற்சொன்ன பெண்கள் அதைத் தாங்கினார்கள். நம் தாய்மார் பேர் போடுவதற்காகப் பதினெட்டு, இருபது கிலோ கொழுந்தோடு அட்டைக்கடியில் செங்குத்து மலை ஏறி இறங்கியவர்கள். அந்த உடம்பில் பிறந்த நமக்கா ஸ்டியரிங்கைத் திருப்பப் பலம் போதாது?

இனி, நான் இந்தப் பேச்சுக்கு வந்த காரணத்தைச் சொல்கிறேன்.

பல வருடங்களுக்கு முன் ஓர் இரவு. நான் கடமையில் இருந்தேன். பிரசவ வலி கண்ட ஒரு தங்கச்சியைத் தோட்டத்திலிருந்து கொண்டுவந்தார்கள். வலி எடுத்தது மாலை ஆறு மணிக்கு. வந்து சேர்ந்தபோது நள்ளிரவு தாண்டிவிட்டது. தாயைக் காப்பாற்றினோம். பிள்ளையைக் காப்பாற்ற முடியவில்லை. ஏன் இவ்வளவு நேரம் என்று கேட்டேன். கூட வந்த மாமியார் அழுதுகொண்டே சொன்னார்: “வண்டி வாசல்லதாம்மா நின்னுச்சு. ஓட்டுறதுக்குத்தான் ஆள் இல்ல.” லயத்தில் ஓர் ஓட்டோ இருந்திருக்கிறது. அதன் சொந்தக்காரர் குடித்துவிட்டுக் கிடந்தார். இன்னொரு டிரைவர் கலியாண வீட்டுக்குப் போய்விட்டார். அந்த ஓட்டோவைச் சுற்றி, பதறிக்கொண்டு, புத்தியும் தெளிவும் உள்ள பத்துப் பன்னிரண்டு பெண்கள் நின்றிருக்கிறார்கள். சாவியும் இருந்திருக்கிறது. அவர்களில் ஒருத்திக்கும் வண்டியை எடுக்கத் தெரியவில்லை.

அன்று எனக்கும் ஓட்டத் தெரியாது. வைத்தியரம்மா என்று எல்லோரும் கும்பிட்டார்கள். அந்த ஓட்டோவுக்குப் பக்கத்தில் நான் நின்றிருந்தாலும் பதின்மூன்றாவது ஆளாகக் கையைப் பிசைந்துகொண்டுதான் நின்றிருப்பேன். அடுத்த மாதமே பழகப் போனேன். அப்போது எனக்கு வயது முப்பத்து மூன்று. என் பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்து பழக்கியவர், ஓய்வுபெற்றிருந்த என் அப்பா. ஹாலி-எல இறக்கத்தில் ஒரு நாள், “கியரைக் குறைம்மா, பிரேக்கை மட்டும் நம்பாதே” என்றார். சற்றுப் பொறுத்து, “அன்னிக்கே பழக்கியிருக்கலாம்” என்றார். அதற்கு மேல் அவர் பேசவில்லை, நானும் பேசவில்லை.

அக்காமாரே, தங்கச்சிமாரே, நூறு வருடங்களுக்கு முன் தோட்டத்துப் பெண்பிள்ளைக்கு எழுத்து எதற்கு என்று கேட்டார்கள். அந்தக் கேள்வியைக் காதில் போட்டுக்கொள்ளாத சிலர் இந்தப் பாடசாலையின் கதவைத் திறந்தார்கள். அதனால்தான் இன்று இந்த மண்டபத்தில் ஆசிரியைகளும் தாதியரும் சட்டத்தரணிகளும் கணக்காளர்களும் உட்கார்ந்திருக்கிறோம். நம்மில் எத்தனை பேரிடம் சாரதி அனுமதிப்பத்திரம் இருக்கிறது? கை தூக்கச் சொல்லி யாரையும் சங்கடப்படுத்த மாட்டேன்.

சங்கத்திடம் என் வேண்டுகோள் ஒன்றே. உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு முடிவுக்காகக் காத்திருக்கும் மாதங்களில் நம் பிள்ளைகள் வீட்டில்தான் இருக்கிறார்கள். பதினெட்டு வயது முடிந்தவர்கள் இலகு வாகன அனுமதிப்பத்திரத்துக்கு விண்ணப்பிக்கலாம். மருத்துவச் சான்றிதழ், எழுத்துப் பரீட்சை, செய்முறைப் பரீட்சை இவ்வளவுதான். எழுத்துப் பரீட்சையைத் தமிழிலேயே எழுதலாம். குறுக்கே நிற்பது பயிற்சிக் கட்டணம். நூற்றாண்டு நிதியிலிருந்து ஒவ்வொரு வருடமும் தோட்டத்திலிருந்து வரும் ஐந்து மாணவியருக்கு அந்தச் செலவைச் சங்கம் ஏற்க வேண்டும். முதல் வருடத்து ஐந்து பேருக்கான செலவு என்னுடையது. அதை என் அப்பாவின் பெயரால் தருகிறேன்.

அந்த ஐவரில் ஒருத்தி பந்தயத் தடத்துக்கே போய்விட்டால் முதல் ஆளாகக் கை தட்டுவேன். போகாவிட்டாலும் குறைவில்லை. ஓர் இரவு, ஒரு லயத்து வாசலில், “சாவியை இங்க குடுங்க, நான் ஓட்டுறேன்” என்று சொல்ல ஒருத்தி இருந்தால் எனக்கு அது போதும்.