வெள்ளவத்தைக்குப் புதிதாக வந்தோர்க்கு

(சங்கத்தின் மாதாந்தக் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற பேச்சின் எழுத்துருவம்)



உங்கள் செயலாளர் சென்ற வாரம் என் வீட்டுக்கு வந்து, "ஐயா, இவ்வாண்டு சங்கத்திற் சேர்ந்த இளைஞரிற் பெரும்பாலோர் வெளியூரிலிருந்து வெள்ளவத்தைக்குப் புதிதாக வந்தவர்கள். அவர்களுக்குப் பயன்படுமாறு ஏதாவது சொல்லவேண்டும்" என்றார். சமயப் பிரசங்கம் செய்யும் தகுதி எனக்கில்லை. ஆனால் வாடகைக்கு வீடு தேடி அலைந்த அனுபவம் மிக உண்டு. 1978ஆம் ஆண்டு இரவுத் தபால் வண்டியில், ஒரு தகரப் பெட்டியும் அம்மா கட்டித் தந்த மிளகாய்த்தூளும் பினாட்டும் கொண்டு வந்து இறங்கியவன் நான். அன்றுதொட்டு இன்றுவரை இவ்வூரில் ஏழு வீடு மாறிவிட்டேன். அந்தத் தகுதி கொண்டே பேசத் துணிந்தேன்.

இங்கே வருகின்ற நம்மவரைக் கேட்டால், "ஆறு மாதத்துக்குத்தான் வந்தோம்" என்பார்கள். ஒருவருக்கு விசா வரவேண்டும். ஒருவருடைய மகள் சோதனை எழுதி முடிக்கவேண்டும். இன்னொருவருடைய தகப்பனாருக்குக் கண்ணில் அறுவைச் சிகிச்சை. அந்த ஆறு மாதம் பதினைந்து வருடமானதையும் நான் கண்டிருக்கின்றேன். பதினைந்து வருடமும் பெட்டியை முழுதாக அவிழ்க்காமலே இருந்தார்கள். நாளைக்குப் போகிற இடத்தில் இன்றைக்கு யாரோடு பழகுவது என்ற எண்ணம் அவர்களுக்கு. நான் இன்று எதிர்த்துப் பேச வந்தது இந்த எண்ணத்தைத்தான்.

முதலில் வீடு எடுப்பதைப் பற்றிச் சில வார்த்தை. தரகர் காட்டும் நேரத்தில் வீட்டைப் பார்த்து முற்பணம் கொடுத்துவிடாதீர்கள். மழை பெய்து ஓய்ந்த பின் ஒருமுறை போய்ப் பாருங்கள். கால்வாய்ப் பக்கத்துப் பள்ளமான ஒழுங்கைகளில் நிலத்தோடு சேர்ந்த வீடாயின், வெள்ளம் எவ்வளவுக்கு வரும் என்பதை எதிர்ச் சுவரின் கறையே சொல்லும். மாலை ஆறு மணிக்குப் போய்க் குழாயைத் திறந்து பாருங்கள். தண்ணீருக்கும் மின்சாரத்துக்கும் தனி மானியா, கூட்டு மானியா என்று கேளுங்கள். சாமான் இறக்கும் அன்றே இரண்டு மானியின் இலக்கத்தையும் கைத்தொலைபேசியிற் படம் பிடித்து, வீட்டுக்காரருக்கும் ஒன்று அனுப்பிவிடுங்கள். முந்தினவர் விட்டுப்போன பட்டியலைக் கட்டி அழுத குடும்பங்கள் எத்தனை!

தொடர்மாடி வீடாயின் இன்னுமொன்று உண்டு. லிப்ற், தண்ணீர்ப் பம்பி, காவற்காரர் சம்பளம் முதலிய பொதுச் செலவுக்கு மாதந்தோறும் ஒரு தொகை கட்டவேண்டும். 1973ஆம் ஆண்டில் இதற்கென அடுக்குமாடி உரிமைச் சட்டம் வந்தது. சொந்தக்காரர்கள் சேர்ந்து முகாமைத்துவம் அமைத்து இவற்றை நடத்துவது அதன் வழி. ஆனால் வாடகைக்கு இருப்பவர் அத்தொகையைக் கட்டுவதா, சொந்தக்காரர் கட்டுவதா என்பது நீங்கள் எழுதும் ஒப்பந்தத்தைப் பொறுத்தது. எழுதாமல் விட்டால் இரண்டாம் மாதமே சண்டை. உறவினர் வீடு தருகின்றார், எழுத்து எதற்கு என்பீர்கள். உறவினர் என்பதனாலேதான் எழுத்து வேண்டும்.

அடுத்தது பதிவு. இந்தச் சொல்லைக் கேட்டவுடன் நம்மவர் முகம் வாடுவதற்குக் காரணம் உண்டு. அதை நான் மறைக்கப் போவதில்லை. போர்க்காலத்திற் பொலிஸ் பதிவுத் துண்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டே தெருவுக்கு இறங்கினோம். 2007 யூன் 7ஆந் திகதி விடியற்காலையிற் கொழும்பு விடுதிகளிலிருந்து 376 பேரை எழுப்பி, பஸ்களில் ஏற்றி வவுனியாப் பக்கம் அனுப்பினார்கள். மறுநாளே உயர் நீதிமன்றம் அதற்கு இடைக்காலத் தடை விதித்தது. அவர்களிடம் கேட்கப்பட்ட கேள்வி, இங்கே உனக்கு என்ன வேலை என்பதாகும். ஆகவே பதிவு என்றால் ஒளிந்துகொள்ளும் பழக்கம் நமக்கு வந்ததில் வியப்பில்லை.

ஆனால், பிள்ளைகளே, கிராம உத்தியோகத்தரிடம் போய் வாக்காளர் இடாப்பிற் பெயர் சேர்ப்பது வேறு காரியம். அங்கே, நான் இவ்விடத்தவன் என்று நீங்களாகவே எழுதி வைக்கின்றீர்கள். பிள்ளையை அயலிலுள்ள அரசாங்கப் பாடசாலையில் முதலாந் தரத்திற் சேர்க்க விண்ணப்பிக்கும்போது, முந்திய ஐந்தாண்டு இடாப்பிற் பெற்றோர் பெயர் உண்டா என்று பார்த்துத்தான் புள்ளியிடுவார்கள். ஊரிலே காணி போய்விடும் என்று அஞ்சி இங்கே பதியாமல் இருந்து, பிள்ளைக்கு ஐந்து வயதானபோது ஓடித் திரிந்த தகப்பன்மாரை நான் அறிவேன். ஊரிற் காணி உறுதியில் இருக்கின்றது, இடாப்பில் அல்ல. கலியாணமாகி இங்கு வந்திருக்கும் தம்பிமார் இதை இன்றே செய்யுங்கள்.

இனி அயலவரைப் பற்றிச் சொல்லவேண்டும். இதுவே நான் சொல்ல வந்தது.

1978இல் நாங்கள் ஐந்து எழுதுவினைஞர் சேர்ந்து, கடற்கரைப் பக்கத்து ஒழுங்கை ஒன்றிற் சமறி நடத்தினோம். இன்றைய பிள்ளைகளுக்கு அச்சொல் தெரியாது. உத்தியோகம் பார்க்கும் வாலிபர் சிலர் ஒரு வீட்டை எடுத்து, சமைக்க ஓர் ஆளையும் வைத்துச் செலவைப் பங்கிடுவதே சமறி. எங்கள் எதிர்வீட்டில் ஒரு சிங்கள அம்மா இருந்தார். கணவர் இல்லை, ஒரே மகன், கணிதத்தில் மந்தம். நான் பொழுதுபோகாமல் ஒருநாள் மதிலடியில் நின்று அவனுக்கு ஒரு கணக்குச் சொல்லிக் கொடுத்தேன். பின்னர் வாரத்தில் இரண்டு நாள் அது வழக்கமாயிற்று. எனக்குச் சிங்களம் வராது, அவனுக்குத் தமிழ் வராது; கணக்கு நடுவிலே நின்றது. பொங்கலுக்கு நாங்கள் புக்கை கொடுத்தோம். சித்திரைக்கு அவர் கொக்கிசும் பாற்சோறும் கொடுத்தார். இதற்கு மேல் ஒன்றுமில்லை. நட்பு என்று சொல்லிக்கொள்ளவும் இல்லை.

1983 யூலை 25ஆந் திகதி காலை, காலி வீதியிற் புகை எழுந்தபோது அந்த அம்மா பின் மதிலால் மகனை அனுப்பி எங்களை அழைத்தார். ஐந்து பேரும் அவருடைய சமையலறைக்குப் பின்னாலிருந்த விறகு அறையில் இரண்டு நாள் இருந்தோம். வந்தவர்கள் அவரிடம் கேட்டார்கள். அவர் வாசலில் நின்றே பதில் சொன்னார். எங்கள் வீடு எரிந்தது. நாங்கள் உயிரோடு பம்பலப்பிட்டி இந்துக் கல்லூரி அகதி முகாமுக்குப் போய், பிறகு "லங்கா கல்யாணி" கப்பலிற் காங்கேசன்துறைக்குச் சேர்ந்தோம்.

அதே ஒழுங்கையின் முடிவில் வேறொரு சமறி இருந்தது. அவர்கள் நல்ல பிள்ளைகள், எவருடைய வம்புக்கும் போகாதவர்கள். வெள்ளி மாலை ஊர் போய்த் திங்கள் காலை திரும்புவார்கள். அவர்கள் எத்தனை பேர், அன்றைக்கு உள்ளே இருந்தார்களா என்று ஒழுங்கையில் ஒருவருக்கும் தெரியவில்லை. ஆகையால் ஒருவரும் போய்க் கதவைத் தட்டவில்லை. இருவரைப் பற்றிப் பின்னர் ஒரு தகவலும் கிடைக்கவில்லை.

எல்லா அயலவரும் அந்த அம்மாவைப் போல இருந்தார்கள் என்று நான் சொல்லவரவில்லை. அப்படிச் சொன்னால் அது பொய். அறிந்தவரே காட்டிக்கொடுத்ததும் உண்டு. ஆனால் அறியாதவனைக் காப்பாற்றுவதற்கு நல்லவருக்கும் வழி தெரிவதில்லை.

பழகுவதற்கு மொழி வேண்டும். சிங்களம் படிக்க வகுப்புக்குப் போகுமுன், சந்தைக்குப் போங்கள். மரக்கறிக்காரரிடம் விலை கேட்டு, ஓர் ஆயிரம் தரம் பிழைவிட்டு, அவர் சிரித்துத் திருத்தினால் ஆறு மாதத்தில் வாய் திரும்பிவிடும். கடைக்காரரை முதலாளி என்றும், பெரியவரை மாத்தயா என்றும் அழைத்தால் நமது தமிழ் ஒன்றும் குறைந்துபோகாது. பக்கத்து வீடு முஸ்லிம் குடும்பமாயின் நோன்பு மாதத்தில் மாலை வேளை அவர்கள் வாசலில் உங்கள் வாகனத்தைக் குறுக்கே விடாதீர்கள். எதிர்வீட்டிற் போயா தினத்துக்குச் சில் எடுத்திருப்பார்கள். அன்று உங்கள் பாட்டுப் பெட்டியைச் சற்றுக் குறையுங்கள். திருவெம்பாவைக்கு விடியற்காலையில் நாம் ஒலிபெருக்கி கட்டும்போது அவர்கள் பொறுப்பதை நினைத்தால் இது சிறு காரியம்.

குப்பையையும் இதோடு சேர்த்துச் சொல்கின்றேன். உக்கும் குப்பை வேறு, உக்காதது வேறு என்று பிரித்தே கொடுக்கவேண்டும். நாம் மேல்மாடியிலிருந்து முடிந்து வீசும் பை எங்கே போகின்றது என்று நினைப்பதில்லை. 2017ஆம் ஆண்டு சித்திரைப் புத்தாண்டு தினத்தில் மீதொட்டமுல்லையிற் கொழும்பு நகரத்துக் குப்பை மலை சரிந்து, வருடப் பிறப்புக்கு வீட்டிலிருந்த ஏழைச் சனங்களை மூடியது. முப்பது பேருக்கு மேல் இறந்தார்கள். அதே ஆண்டில் நாடெங்கும் 186,000 பேருக்கு மேல் டெங்கு கண்டது. பூச்சாடித் தட்டிலும் குளிரூட்டியின் கீழும் மொட்டைமாடிப் பீலியிலும் நிற்கும் தண்ணீரை வாரத்துக்கொருமுறை ஊற்றிவிடுங்கள். உங்கள் வீட்டு நுளம்பு உங்கள் வீட்டிலேயே நிற்பதில்லை.

கடற்கரைக்குப் போகும் பிள்ளைகள் தண்டவாளத்தில் நடந்து போகாதீர்கள், அதுவும் காதிற் பாட்டுக் கேட்டுக்கொண்டு. அலைச் சத்தத்தில் வண்டி வருவது கேளாது. இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை.

பெரியோர்கள் என்னை மன்னிக்கவேண்டும். உங்களுக்கும் ஒன்று சொல்லவேண்டியிருக்கின்றது. புதிதாக ஒரு தமிழ்ப் பிள்ளை ஒழுங்கைக்கு வந்தால் நாம் மூன்று கேள்வி கேட்கின்றோம். எந்த ஊர் என்பது முதற்கேள்வி, அது அன்பு. ஊரில் எவ்விடம் என்பது இரண்டாவது. அதையும் அன்பில் வைத்துக்கொள்ளலாம். எந்தக் கோயிலடி என்ற மூன்றாங் கேள்வி எதற்கென்று கேட்பவருக்கும் தெரியும், கேட்கப்படுபவருக்கும் தெரியும். மலையகத்துப் பிள்ளையாயின் இந்த மூன்றும் வேண்டியதில்லை. முதற் பதிலோடு பேச்சு நின்றுவிடும். ஊரை விட்டு இருநூற்றைம்பது மைல் வந்தும் இந்தச் சாமானை இறக்கி வைக்காமற் சுமக்கின்றோம். வீடு கொடுக்க மறுத்துவிட்டு, கோயிலிற் பக்கத்தில் நின்று தேவாரம் பாடுகின்றோம்.

இளைஞர்களுக்குப் போக இடமில்லையென்று குறை சொல்லவேண்டாம். 57ஆவது ஒழுங்கையில் 1942இல் தொடங்கிய கொழும்புத் தமிழ்ச் சங்கமும் அதன் நூலகமும் இருக்கின்றன. இராமகிருஷ்ண மிஷன் மண்டபம் இருக்கின்றது. மயூரபதி அம்மன் கோயிலும் பம்பலப்பிட்டிக் கதிரேசன் கோயில்களும் நடந்து போகும் தூரத்தில் உண்டு. ஆடிவேலுக்குச் செட்டியார் தெருவிலிருந்து தேர் வரும் நாளிற் காலி வீதியோரத்தில் நின்று பாருங்கள்; தண்ணீர்ப் பந்தல் வைக்க ஆள் எப்போதும் குறைவு.

இவ்வளவும் சொன்ன எனக்கு நேர்ந்த ஒன்றைச் சொல்லி அமர்கின்றேன். 2022 மார்ச் முடிவில் ஒருநாளைக்குப் பதின்மூன்று மணிநேரம்வரை மின்வெட்டு இருந்தது நினைவிருக்கும். எங்கள் தொடர்மாடியில் டீசல் இல்லாமையால் லிப்றும் நின்றது. ஹற்றனிலிருந்து வந்த காவற்காரத் தம்பி மாலையில் மீன்கடையில் ஐஸ் கட்டி வாங்கிக்கொண்டு ஆறாம் மாடிக்குப் படியேறுவதைக் கண்டு, யாருக்கு என்று கேட்டேன். "அந்த அம்மாவுக்கு ஊசி மருந்து பழுதாகாம வைக்க, ஐயா. தனியாத்தானே இருக்காங்க" என்றான். பிள்ளைகள் ரொறன்ரோவில், ஆறாம் மாடியில் ஓர் ஆச்சி இரண்டு வருடமாகத் தனியே இருந்திருக்கின்றார். ஆறாம் மாடியில் மூன்றாவது கதவு என்னுடையது. அவருடையது நான்காவது.

அன்றிரவு மெழுகுதிரியோடு போய்க் கதவைத் தட்டினேன். ஆச்சி கதவைத் திறக்குமுன், "ஆரது?" என்று சிங்களத்திற் கேட்டார். தமிழன் பக்கத்தில் இருப்பது அவருக்கும் தெரியவில்லை. இப்போது அவர் வீட்டுத் திறப்பு ஒன்று எங்களிடமும், எங்களுடையது ஒன்று அவரிடமும் இருக்கின்றது. காவற்காரத் தம்பியின் பெயரையும் அன்றைக்குத்தான் கேட்டு அறிந்தேன்; அதுவரை அவனை "வோச்சர்" என்றே கூப்பிட்டு வந்தேன்.

தேநீர் ஆறுகின்றதென்று செயலாளர் கண்காட்டுகின்றார். இடாப்புப் படிவம் நிரப்பத் தெரியாத தம்பி தங்கைமார் தேநீரின் பின் என்னிடம் வாருங்கள். பேனையும் கண்ணாடியும் கொண்டுவந்திருக்கின்றேன்.