உயிலும் எச்சமும்: வீடற்றோர்க்கு ஒரு கொடை



உயிலைப் பற்றிப் பேச வழக்கறிஞர் இருக்க மொழியியலார் எதற்கு என்று நீங்கள் எண்ணலாம். உயில் என்பது சொல்லை மட்டுமே நம்பி நிற்கும் கொடை. எழுதியவரிடம் பொருள் கேட்டுத் தெளிய இயலாத நாளில்தான் அது படிக்கப்படுகிறது.

உயில் என்பது ஆங்கிலத்திலிருந்து வந்த சொல். அம்மொழியில் அதன் முதலொலி இதழ் குவியப் பிறப்பது. தமிழ்ச்செவி அக்குவிவை உகரமாக ஏற்றது. இன்று விருப்பாவணம் என்றும் வழங்குகிறோம். சொல் புதியது, தமக்குப் பின்னும் அறம் நடக்க ஏற்பாடு செய்யும் வழக்கம் பழையது. சோழர் காலத்தில் கோயிலில் ஒரு நந்தா விளக்கெரிக்கப் பெரும்பாலும் 90 அல்லது 96 ஆடுகள் விடப்பட்டன. அவற்றைச் ‘சாவா மூவாப் பேராடு’ என்று கல்வெட்டுகள் குறிக்கும். ஆடுகள் மூத்து இறப்பவைதாம். ஆயினும் குட்டிகளைக் கொண்டு எண்ணிக்கை குறையாமல் காத்து, உரிய நெய்யை அளந்துவருவது பொறுப்பேற்றவர் கடன். கொடையாளர் மறைந்த பின்னும் கொடை நடக்கும் முறை முழுவதும் அம்மூன்று சொற்களில் அடங்கிவிட்டது.

விளக்கெரிய ஆடு விட்ட மரபில் வந்த நாம், இரவில் ஒருவர் தலைசாய்க்க இடம் கிடைக்கவும் எழுதிவைக்கலாம். சிங்கப்பூரில் அத்தகையோர் உளரா என்று ஐயுற வேண்டா. லீ குவான் யூ பொதுக்கொள்கைப் பள்ளி ஆய்வாளர்கள் 2019இல் வெளியிட்ட முதல் நாடளாவிய ஆய்வு, ஏறத்தாழ 921 முதல் 1,050 பேர் வெளியில் உறங்குவதாகக் கணித்தது. 2022இல் சமுதாய, குடும்ப மேம்பாட்டு அமைச்சின் கணக்கெடுப்பு 530 பேரைக் கண்டது. 2019ஆம் ஆண்டு ஆய்வில் பேசியோருள் பலர் வேலையில் இருந்தனர். சிலர் பெயரில் வீடே இருந்தது. குடும்பப் பிணக்கினால் அவ்வீட்டுக்குத் திரும்ப இயலாதாரும் உண்டு. ஆகவே ‘வீடற்றவர்’ என்னும் சொல்கூட முழு உண்மையைச் சொல்வதில்லை. இத்தகையோர்க்குப் படுக்கையோடு, நெடுநாள் உடன்வரும் சமூக ஊழியரும் தேவை. அந்நெடுநாள் பணிக்கு உயிற்கொடை பெருந்துணையாகும்.

கொடையை எவ்வாறு எழுதுவது? குறித்த தொகையைத் தரலாம். ஆனால் ஆண்டுகள் செல்லச் செல்ல அதன் மதிப்புத் தேயும். கடனும் செலவும் தீர்ந்து, குடும்பத்தார்க்கு உரியவை போக, எஞ்சியதில் ஒரு பங்கைத் தருவது மற்றொரு வழி. இதனை எச்சக் கொடை எனலாம். 114ஆம் குறளில் வரும் ‘எச்சம்’ என்பதற்குப் பரிமேலழகர் மக்கள் என்று பொருள் கொண்டார், மு. வரதராசனார் எஞ்சி நிற்கும் புகழும் பழியும் என்றார். இலக்கணத்திலோ, எச்சம் என்பது தன்னை முடிக்கும் சொல்லை நோக்கி நிற்பது. நம் எச்சமும் அவ்வாறே நிற்கிறது. முடிக்கும் சொல்லை நாமே எழுதாவிடின், முஸ்லிம் அல்லாதார் சொத்தை உயிலில்லாதோர்க்கான சட்டம் உறவினர்க்குப் பங்கிடும். ‘ஏழைகளுக்கு ஏதேனும் கொடுங்கள்’ என்று வாய்மொழியாகச் சொன்னது அப்பங்கீட்டில் இடம்பெறாது.

சட்டம் வேண்டுவன சில. எழுதுபவர் 21 வயது நிரம்பியவராதல் வேண்டும். இரு சாட்சிகள் ஒருங்கே இருக்கக் கையொப்பமிட வேண்டும். சாட்சியோ அவர்தம் துணைவரோ உயிலால் பயன்பெறலாகாது. மத்திய சேம நிதிப் பணம் உயிலில் அடங்காது. அதற்குத் தனி நியமனம் தேவை. முஸ்லிம் அன்பர்கள் இஸ்லாமியச் சட்டப்படி மூன்றில் ஒரு பங்குவரை இவ்வாறு எழுதிவைக்கலாம். அறநிறுவனத்தின் பதிவுப் பெயரையும் பதிவு எண்ணையும் குறியுங்கள். ‘வீடற்றோர்க்கு’ என்று மட்டும் எழுதினால் பெறுபவர் யாரென்ற வழக்கு எழலாம். நோக்கத்தை மிகக் குறுக்கவும் வேண்டா. ஒரு கட்டடத்துக்கென்று எழுதியபின் அக்கட்டடமே இல்லாது போகலாம். அந்நிறுவனம் கலைந்துவிட்டால் யாருக்கு என்பதையும் சேர்த்தெழுதுங்கள்.

இவை யாவும் நாம் வகுப்பறையில் கற்பிப்பவையே: எழுவாய் யார், பெறுபவர் யார், நிபந்தனை எது என்று ஐயமற எழுதுதல். ஆசிரியர்களே, கடிதமும் கட்டுரையும் பயிற்றும் வேளையில் இத்தகைய ஒரு வாக்கியத்தையும் மாணவர் எழுதிப் பார்க்கட்டும். மூத்தோரே, எழுதியதை உங்கள் பிள்ளைகளிடம் இன்றே சொல்லுங்கள். நீங்கள் இருக்கையில் கேட்ட சொல்லை அவர்கள் பின்னர் மனமுவந்து நிறைவேற்றுவர்.