ஒரு குட்டான் பனங்கட்டி

(நூற்றாண்டு விழாப் பழைய மாணவியர் ஒன்றுகூடலில், 1989ஆம் ஆண்டு ஆறாம் வகுப்பில் சேர்ந்தவர்கள் சார்பில் ஆற்றப்பட்ட உரை)



ஒவ்வொரு வகுப்பும் பத்து நிமிடம் பேசலாம் என்று விழாக் குழுவினர் அறிவித்தபோது, எதைப் பேசுவது என்று நாங்கள் தொலைபேசியில் கூடிக் கதைத்தோம். ரொறன்ரோவில் அப்போது காலை, லண்டனில் மத்தியானம், யாழ்ப்பாணத்தில் இரவு, சிட்னியில் நடுச்சாமம். பரீட்சைப் பெறுபேறுகளைப் பற்றியும் வலைப்பந்தாட்டக் கிண்ணங்களைப் பற்றியும் மற்ற வகுப்புகள் பேசும் என்று தெரியும். நாங்கள் எதில் தொடங்கினாலும் பேச்சு தின்பண்டத்தில் போய் முடிந்தது. சரி, அதையே பேசுவோம் என்று தீர்மானித்தோம். இங்கே நிற்பவள் ஒருத்தி; சொற்கள் எல்லோருடையவை.

முதலில் தோடம்பழ இனிப்பு. தோடஞ்சுளை போல வளைந்து, மேலே சீனி தூவி, கடைக்காரரின் கண்ணாடிப் போத்தலுக்குள் செம்மஞ்சளாக மின்னும். அதை நாங்கள் கடிப்பதில்லை. கன்னத்துக்குள் ஒதுக்கி வைத்துக்கொண்டு பள்ளிக்கூட வாசல் வரை கொண்டு வருவோம். அடுத்தது தும்பு முட்டாஸ். மணிச்சத்தம் கேட்டதும் ஒழுங்கை முழுக்கப் பிள்ளைகள் ஓடும். வாயில் வைத்தால் இருந்த இடம் தெரியாது. நாக்கும் உதடும் மட்டும் சிவந்து வீட்டில் காட்டிக்கொடுக்கும். வெயில் ஏறினால் ஐஸ்பழம். கோயில் திருவிழா என்றால் கச்சானும் கச்சான் அல்வாவும். வெதுப்பகத்துக் கல்பணிஸைத் தேத்தண்ணீரில் நனைக்காமல் கடித்துக் காட்டியவள் வகுப்பில் வீராங்கனை.

கொழும்பில் இருந்து யாராவது வந்தால் 'கண்டோஸ்' வரும். அது ஒரு கம்பனியின் பெயர் என்பதே எங்களுக்கு வெகுகாலம் தெரியாது. எங்கள் பேச்சில் எல்லாச் சொக்கிலேற்றும் கண்டோஸ்தான். சுவிற்சர்லாந்தில் இருக்கும் எங்கள் தோழி ஒருத்தி இன்றும் அங்குள்ள கடையில் பிள்ளைகளிடம் "எந்தக் கண்டோஸ் வேணும்?" என்றுதான் கேட்கிறாளாம்.

வீட்டுச் சாமான்களையும் மறக்கவில்லை. கிணற்றடியில் சன்லைட் சவர்க்காரம், வெள்ளை உடுப்புக்கு நீலம், பல் விளக்கக் கோபால் பற்பொடி. அந்தப் பற்பொடியைப் பல்லுக்குத் தீட்டியதைவிட வாயில் போட்டுத் தின்றதே கூட. வெள்ளிக்கிழமை தலை முழுக அரப்பு. கண்ணுக்குள் போனால் அழுகை. எங்கள் ஊரிலேயே செய்யப்பட்ட மில்க்வைற் சவர்க்காரமும் இருந்தது. அதன் அதிபர் கனகராசா அவர்கள் சவர்க்காரம் விற்றதோடு நிற்கவில்லை. 'மில்க்வைற் செய்தி' என்று ஓர் இதழ் நடத்தினார். மரம் நடுங்கள், பனம்விதை ஊன்றுங்கள் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார். ஒரு சவர்க்கார முதலாளிக்குப் பனையோடு என்ன உறவு என்று சிறு வயதில் எங்களுக்கு விளங்கவில்லை. பிறகு விளங்கியது. அதைச் சொல்லத்தான் வந்திருக்கிறோம்.

1989இல், நாங்கள் ஆறாம் வகுப்பில் சேர்ந்த முதலாம் தவணையில், எங்கள் தோழி ஒருத்திக்குப் பிறந்தநாள் வந்தது. பிறந்தநாள் என்றால் ரொபி பைக்கற் ஒன்றோடு வந்து, ஒவ்வொரு மேசையாகப் போய்க் கொடுப்பது எங்கள் வழக்கம். அவள் ரொபி கொண்டுவரவில்லை. பனையோலையில் பின்னிய ஏழெட்டுக் குட்டான்களில் பனங்கட்டி கொண்டுவந்தாள். அவளுடைய அப்பா பனையேறும் தொழில் செய்தவர். பாளை சீவி, முட்டிக்குள் சுண்ணாம்பு பூசி, கருப்பநீர் இறக்கி, தாய் அதை அடுப்பில் வற்றக் காய்ச்சி, குட்டானில் வார்த்து ஆறவைத்துக் கட்டிய பனங்கட்டி. எங்கள் எவருடைய வீட்டிலும் பிறந்தநாளுக்கு அவ்வளவு பாடுபட்டு ஒருவரும் ஒன்றும் செய்ததில்லை.

நாங்கள் சிரித்தோம். ஒருத்தி "இது தடிமனுக்கு மல்லித் தண்ணியோடை கடிக்கிற சாமானெல்லே" என்றாள். இன்னொருத்தி வாங்கி, கையைத் துடைத்துக்கொண்டாள். சிலர் வாங்கவேயில்லை. பதினொரு வயதுப் பிள்ளைகளின் குறும்பு என்று இத்தனை வருடமும் எங்களுக்கு நாங்களே சமாதானம் சொல்லிக்கொண்டோம். அன்று தொலைபேசியில் ஒருத்தி அழுதுகொண்டே உள்ளதைச் சொன்னாள். அது வெறும் குறும்பு அல்ல. எங்கள் வீடுகளில் சோற்றோடு சேர்த்து எங்களுக்கு ஊட்டப்பட்டிருந்த சாதி. அந்தக் கை துடைத்தலை நாங்கள் எங்கும் படிக்கவில்லை, பார்த்துப் பழகியிருந்தோம். அவள் மிச்சக் குட்டான்களை எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டு தன் கதிரையில் போய் இருந்தாள். ஆசிரியை வந்தார், பாடம் நடந்தது.

1990 ஆனியில் போர் மீண்டும் தொடங்கியது. மின்சாரம் போனது. பாதை மூடப்பட்டது. சவர்க்காரம், மெழுகுவர்த்தி, பற்றரி, மண்ணெண்ணெய் என்று ஒவ்வொன்றாகத் தடையிலும் கட்டுப்பாட்டிலும் அகப்பட்டன. சீனி கிடைத்தாலும் ஆனைவிலை குதிரைவிலை. ஜாம் போத்தலுக்குள் கொஞ்சம் மண்ணெண்ணெய் விட்டுத் திரி போட்டு, அந்த வெளிச்சத்தில் படித்தோம். விடிய மூக்குக்குள் கரி. பாட்டுக் கேட்க ஆசை வந்தால் சைக்கிளைக் கவிழ்த்துவைத்து மிதிகட்டையைக் கையால் சுற்றி, டைனமோவில் வானொலியைப் பாடவைத்தோம்.

கண்டோஸ் என்ற சொல்லே வகுப்பில் அருகிப்போனது. ஒருமுறை, கொழும்பில் வேலை செய்த தகப்பன் ஒருவர் வவுனியா வந்து, இரவில் கிளாலிக் கடல் தாண்டி வீட்டுக்கு வந்தார். அந்தக் கடலில் உயிர் விட்டவர்கள் எத்தனையோ பேர். அவர் சட்டைப் பைக்குள் கொண்டுவந்த ஒரேயொரு கண்டோஸை மகள் வகுப்புக்குக் கொண்டுவந்தாள். அடிமட்டம் வைத்து அளந்து, கொம்பாஸ் பெட்டி மூடியால் வெட்டினோம். ஆளுக்கு ஒரு நகத்தளவு. உருகி ஈயத்தாளில் ஒட்டியிருந்ததை முகர்ந்து பார்த்து மகிழ்ந்தோம். பனங்கட்டி கொண்டுவந்த தோழிக்கும் ஒரு துண்டு கிடைத்தது. அவள் அதைத் தின்னவில்லை; தம்பிக்கென்று கடதாசியில் சுற்றி வைத்துக்கொண்டாள்.

இனிப்புக்கும் சவர்க்காரத்துக்கும் எங்களுக்கு மிஞ்சியது பனை ஒன்றுதான். பனம்பழத்தின் களியைப் பிசைந்து உடுப்புத் தோய்த்தோம். நுரை வந்தது; ஊத்தையும் போனது; ஆனால் வெள்ளைச் சீருடை மஞ்சள் பாரித்தது, வாசனையும் போகவில்லை. கொடியில் காயப்போட்ட உடுப்பை மாடு வந்து சப்பிய கதை எங்களில் மூன்று பேருக்கு உண்டு. மாடு சப்பிய சட்டையோடு காலைப் பிரார்த்தனைக்கு வந்தவள் இன்று மெல்பேணில் மருத்துவர். தேத்தண்ணீருக்குச் சீனி இல்லை. ஒரு கடி பனங்கட்டி, ஒரு மிடறு பிளேன்ரீ. விடுதியில் இருந்த எங்களுக்கு அதுவும் எளிதில் கிடைக்கவில்லை.

அப்போது அவள் மீண்டும் குட்டான் கொண்டுவந்தாள். பிறந்தநாள் ஒன்றும் இல்லை. "அம்மா விடுதிப் பிள்ளையளுக்குக் குடுத்துவிட்டவா" என்று மட்டும் சொன்னாள். எல்லோரும் கையை நீட்டினோம். கை துடைத்தவளும் நீட்டினாள். அவள் பழையதைச் சொல்லிக் காட்டவில்லை, முகத்திலும் காட்டவில்லை. பருவகாலத்தில் வாரம் ஒருமுறை அந்தப் பை வந்தது. நாங்கள் நன்றி சொன்னோமா என்று ஆளுக்காள் கேட்டுப் பார்த்தோம். சொன்னதாக ஒருத்திக்கும் நினைவில்லை. மன்னிப்புக் கேட்கவில்லை என்பது மட்டும் எல்லோருக்கும் நல்ல நினைவு.

1994இல் சாதாரண தரப் பரீட்சை வந்தபோது அவள் வகுப்பில் இல்லை. தகப்பன் பனையால் விழுந்து படுக்கையாகி, தாய்க்குத் துணையாக அவள் வீட்டில் நின்றுவிட்டாள் என்று பிறகு அறிந்தோம். அறிந்தும் போய்ப் பார்க்கவில்லை. 1995 ஐப்பசி 30ஆம் திகதி இரவு, கொட்டும் மழையில், வலிகாமம் முழுவதும் தென்மராட்சி நோக்கி நடந்தபோது, நாவற்குழிப் பாலம் தாண்டி எங்களில் இரண்டு பேர் அவளைக் கண்டார்கள். தகப்பனைச் சைக்கிளில் இருத்தி, தாயும் தம்பியும் அவளுமாகத் தள்ளிக்கொண்டு போனார்கள். பசியோடு நின்ற எங்கள் தோழியின் தங்கைக்கு அவள் ஒரு குட்டானை அவிழ்த்துக் கொடுத்துவிட்டுச் சனத்துக்குள் போய்விட்டாள். அவர்கள் வன்னிக்குப் போனதாகக் கேள்வி. அதற்குப் பிறகு ஒரு தகவலும் இல்லை. அவள் பெயரை நாங்கள் இங்கே சொல்லவில்லை. இந்தக் கதையைச் சொல்ல அவளிடம் நாங்கள் கேட்கவில்லை அல்லவா?

அன்பானவர்களே, இன்று ரொறன்ரோவின் தமிழ்க் கடைகளில் பனங்கட்டி அழகான பெட்டியில் கிடைக்கிறது. விருந்தாளிகள் முன் வைத்து, "எங்கட ஊர்ச் சாமான், இயற்கையானது, சீனியைவிட நல்லது" என்று பெருமை பேசுகிறோம். தோடம்பழ இனிப்பையும் தேடி வாங்குகிறோம். வாயில் வைத்தால் அந்தப் பழைய சுவை இல்லை என்று குறை சொல்கிறோம். இனிப்பில் குறை இருப்பதாக எங்களுக்குத் தெரியவில்லை. பழைய பண்டங்களை நினைத்து ஏங்கும்போது, அவற்றை எங்கள் கையில் தந்தவர்களையும் நினைக்க வேண்டும். அவர்களை விட்டுவிட்டுப் பண்டத்தை மட்டும் திரும்ப வாங்கினால் அது எப்படி இனிக்கும்?

நூற்றாண்டு மலருக்காக எங்கள் வகுப்பினரின் பெயர்களைத் தரும்படி கேட்டிருந்தார்கள். சங்கத்தின் பட்டியலில் இருபத்தாறு பேர் இருந்தோம். ஆறாம் வகுப்பு இடாப்பில் இருந்தவர்கள் நாற்பத்தொருவர். மிச்சப் பதினைந்து பேரும் எங்கே? இடம்பெயர்ந்தவர்கள், வறுமையால் நின்றவர்கள், இடையில் மணமுடித்துப் போனவர்கள், உயிரோடு இல்லாதவர்கள். சந்தா கட்டவில்லை, பரீட்சை எழுதவில்லை என்பதால் அவர்கள் இந்தக் கல்லூரித் தாயின் பிள்ளைகள் இல்லை என்று ஆகிவிடுமா?

ஆகவே எங்கள் வகுப்பின் நூற்றாண்டுக் காணிக்கையாகப் பணத்தோடு இதையும் தருகிறோம். அந்த நாற்பத்தொரு பெயரையும் தேடி எழுதும் பொறுப்பை நாங்கள் ஏற்கிறோம். மற்ற வகுப்புகளும் தங்கள் பழைய இடாப்புகளை எடுத்துப் பாருங்கள் என்று பணிவோடு கேட்கிறோம். இந்த மலர் கடல் கடந்து எங்கெங்கோ போகும். எங்கோ ஓரிடத்தில் அவள் கையிலும் கிடைக்கலாம். கிடைத்தால், தோழி, அன்று நாங்கள் சிரித்ததற்கு எங்களை மன்னித்துக்கொள். ஒரு வரி எழுது. எழுத விருப்பமில்லை என்றாலும் அது உன் உரிமை. உன் பெயர் எங்கள் பட்டியலில் இருக்கும்.

இப்போது தேநீர் இடைவேளை. கேக்கும் றோல்சும் உண்டு. அவற்றோடு ஒவ்வொரு மேசையிலும் ஒரு குட்டான் பனங்கட்டி வைத்திருக்கிறோம். தயவுசெய்து ஒரு கடி கடித்துக்கொண்டு தேத்தண்ணீரைக் குடியுங்கள்.